முதியவர் தேவை, வயது முப்பதுக்குள்

வடதுறைப் பல்கலைக்கழகத்துக்கு முதுமை வந்தபோது அதற்கு வயது நான்கு.

நாலு வயதில் முதுமையா என்று கேட்காதீர்கள். அங்கே எல்லாமே வேகம்தான். திருவொற்றியூரில், யுத்த காலத்தில் ராணுவம் மாவு மூட்டை அடுக்கி வைத்திருந்த கிடங்கில் அந்தப் பல்கலைக்கழகம் நடந்து வந்தது. ராணுவம் காலி செய்துவிட்டுப் போயிற்று, பெருச்சாளிகள் போகவில்லை, பல்கலைக்கழகம் வந்து அவற்றோடு குடித்தனம் நடத்தியது. அது எதற்காக வந்தது என்று நானும் பலரிடம் விசாரித்துப் பார்த்தேன். டாக்டர் சங்கரநாராயணனுக்குத் துணைவேந்தராக வேண்டும் என்று இருந்தது, அதற்கு ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டது என்பதற்கு மேல் ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

அந்தச் சங்கரநாராயணன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் மேல்நாடுகளைச் சுற்றிவிட்டு, ஒரு கம்பளிக் கோட்டோடும் ஒரு கருத்தோடும் திரும்பி வந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ள மெட்ராஸ் வெயில் இடம் கொடுக்கவில்லை. கருத்தைச் செனட் கூட்டத்தில் வெளியே எடுத்தார்.

"கனவான்களே! மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முதுமை வந்துவிட்டது. நமக்கு இன்னும் வரவில்லை. நம் கிழவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்தப் பட்டமும் இல்லாமல், தான்தோன்றித்தனமாகக் கிழவர்களாகிக் கொண்டிருக்கிறார்கள். சுதந்திர நாட்டில் இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? இதுவரை ஒரு மனிதன் முதுமையை அறிய அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் அதை மூன்றே வருஷத்தில் கொடுக்கப் போகிறோம்!"

செனட் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்து நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடி தட்டினார்கள். உடனே இளங்கலைப் பட்டப் படிப்பு ஒன்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பெயர் வைக்க ஒரு குழு, அது கலையா விஞ்ஞானமா என்று தீர்மானிக்க ஒரு குழு, இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று வையாமல் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு குழு. கடைசியில் மூட்டுவலி விஞ்ஞானம் என்றும் முணுமுணுப்பு கலை என்றும் பாகம் பிரித்துக்கொண்டு, முதுமையியல் என்று பெயர் வைத்தார்கள். துறைத் தலைவராகப் பேராசிரியர் தவசிமுத்து நியமனமானார். அவருக்கு இருபத்தொன்பது வயது. தேக்கு மரம் எப்படி முதிர்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். முதிர்ச்சி சம்பந்தமாக எதையாவது படித்தவர் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான் அகப்பட்டார்.

மாணவர்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் இன்ஜினீயரிங் கிடைக்காதவன். இன்னொருவன் எதுவுமே கிடைக்காதவன்.

இந்த வைபவங்கள் எதுவும் அத்தாவுல்லாவுக்குத் தெரியாது. அவர் ராயபுரத்தில் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வந்தார். வயது அறுபத்து மூன்றோ நாலோ. இதை அவர் மனைவி காத்தூன் பீவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் துறைமுக வாசலில் தினமும் காலையில் மேஸ்திரி கிருஷ்ணப்பன் கூட்டத்தைப் பார்த்து ஆள் பொறுக்குவார். பொறுக்கப்பட்டவனுக்கு ஒரு பித்தளை வில்லை கிடைக்கும். வில்லை கிடைத்தால் அன்றைக்கு வேலை, வேலை இருந்தால் அடுப்பு எரியும். நரைத்த தலையைக் கண்டால் கிருஷ்ணப்பனின் கண் அடுத்த ஆளுக்குத் தாவிவிடும்.

ஆகையால் அந்த வாசலில் நரைத்த தலை என்று ஒன்று கிடையாது. விளக்குப் புகையில் பிடித்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டு, அறுபது வயதுக்காரர்கள் எல்லாம் கன்னங்கரேல் என்று நின்றுகொண்டிருப்பார்கள். அத்தாவுல்லாவுக்கு இதில் கூடுதலாக ஒரு சிரமம் இருந்தது. விடியற்காலைத் தொழுகைக்கு முகம் கழுவினால் கரி போய்விடும். எனவே பள்ளிவாசலில் வெள்ளைத் தாடியோடு நின்று தொழுதுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, காத்தூன் பீவியின் முன்னால் மோவாயை நீட்டுவார். அவள் கரி பூசிவிடுவாள். அல்லாவுக்கு உண்மை வயது தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. இரண்டு பேரில் வில்லை கொடுப்பவர் மேஸ்திரி.

காத்தூன் பீவி முன்பு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளப் போய்க்கொண்டிருந்தாள். நெடி ஏறி ஏறி நெஞ்சில் இருமல் உட்கார்ந்துவிட்டது. இப்போது பாயை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சோறு என்பது அத்தாவுல்லாவின் தாடி கறுப்பாக இருப்பதைப் பொறுத்தது.

ஒரு நாள் காலை பேராசிரியர் தவசிமுத்து தம் இரண்டு மாணவர்களோடும் ஒரு தகரக் குழாயோடும் துறைமுக வாசலுக்கு வந்தார். களப்பணி. பாடத்திட்டத்தில் இருந்தது.

"உழைக்கும் பெருமக்களே!" என்று குழாய் வழியாகக் கூவினார். "உங்களில் முதியவர்கள் தயவுசெய்து கையைத் தூக்குங்கள்!"

கைகளை எல்லாரும் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஒருவரும் இல்லையா? சிறிதளவு முதியவர்கள் யாராவது?"

அதற்கும் ஆள் இல்லை. பேராசிரியர் முகம் வாடிவிட்டது. வடசென்னையில் முதுமை இல்லை என்று ஆகிவிட்டால் துறை என்னாவது? கவலையோடு பின்னால் நகர்ந்தவர், சிந்திக் கிடந்த கடலைப் பிண்ணாக்கில் கால் வைத்து மல்லாந்து விழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவுல்லாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. படித்த பிள்ளை விழுந்துவிட்டதே என்று ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கும்போது முகம் கிட்டே வந்தது. காதுக்குப் பின்னால், அன்று காத்தூன் பீவியின் கை போகாத இடத்தில், ஒரு விரல்கடை வெள்ளையாக இருந்தது.

"கிடைத்துவிட்டது!" என்று கத்தினார் பேராசிரியர்.

மாணவன் ஒருவன் பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்தான். அத்தாவுல்லா என்ன ஏது என்று கேட்பதற்குள் தாடியின் வலது பாதி வெள்ளையாகிவிட்டது. பேராசிரியர் அந்தப் பாதியைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டி, நரை எப்படி உண்டாகிறது என்று ஒரு சிறிய சொற்பொழிவு நிகழ்த்தினார். மற்றவர்கள் சத்தமில்லாமல் பின்வரிசைக்கு நழுவினார்கள்.

"இன்னா பாய் இது?" என்றார் கிருஷ்ணப்பன்.

"மேஸ்திரி, நேத்து வரிக்கும் தூக்கிக்கினுதானே கீறேன்? ஒரு மூட்டெ கீழ போட்டனா? சொல்லு."

"போடல பாய். நானு இல்லன்னு சொல்லல. ஆனா இத்தினி பேரு பாத்துட்டாங்களே. ஆபீஸ்ல கேட்டா நா இன்னா சொல்றது? எம் பொழப்பும் பூடும்." பேசிக்கொண்டே கிருஷ்ணப்பன் தம் தலைப்பாகையைக் காது வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போ பாய்."

"சார், சார்," என்று அத்தாவுல்லா பேராசிரியர் பக்கம் திரும்பினார். "மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தெ சொல்லு சார். தப்பாப் பாத்துட்டேன், வயசாளி இல்லன்னு சொல்லு சார். நீ சொன்னா கேப்பாரு."

"விஞ்ஞானம் பொய் சொல்லாது, பெரியவரே."

"பெரியவரேன்னு கூப்டாத சார், உனுக்குப் புண்ணியமாப் போவும்!"

"நீங்கள் இதில் கூச்சப்படக் கூடாது," என்றார் தவசிமுத்து, நிஜமான அன்போடு. "உங்களைப் பல்கலைக்கழகம் கைவிடாது. செய்முறை வகுப்புக்கு ஒரு முதியவர் பதவியே உண்டாக்கப் போகிறோம். பௌதிகத்துக்குத் தராசு மாதிரி, எங்களுக்கு ஒரு கிழவர். வந்து பாருங்கள்."

அதற்குப் பிறகு அத்தாவுல்லா பேசின் பிரிட்ஜ் நிலக்கரி யார்டுக்குப் போய்ப் பார்த்தார். எர்ணாவூர் பக்கம் உப்பு அள்ளும் வேலைக்குப் போய்ப் பார்த்தார். பேராசிரியர் பாதி வெளுக்கவைத்த தாடியின் கதை அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "காலேஜ் கெயவன் வந்துட்டாருடா" என்று வரவேற்றார்கள். வீட்டில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. அத்தாவுல்லாவுக்கு இனிமேல் அந்தப் பதவி ஒன்றுதான் கதி என்று ஆயிற்று.

பதவிக்கு விளம்பரம் வந்தது. மாணவன் ஒருவன் படித்துக் காட்டினான். செய்முறை முதியவர், ஒருவர் தேவை. வயது முப்பதுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். நல்ல தேக ஆரோக்கியம் அவசியம்.

"கெயவன் வேலெக்கி முப்பது வயசா?" என்று அத்தாவுல்லா கேட்டார். மாணவன் மறுபடி படித்தான். முப்பதுதான்.

ஆனாலும் நேர்முகத்துக்குப் போனார். எந்தத் தாடியோடு போவது என்பதில் அவருக்கும் காத்தூன் பீவிக்கும் நெடுநேரம் வாதம் நடந்தது. கிழவன் வேலைக்கு வெள்ளைதான் சரி என்றார் அவர். முப்பது வயது கேட்டிருக்கிறார்களே, கறுப்புதான் சரி என்றாள் அவள். கடைசியில் தாடியை வெள்ளையாக விட்டு மீசைக்கு மட்டும் கரி பூசிக்கொண்டு போனார். எப்படிக் கேட்டாலும் ஒரு பக்கம் காட்டலாம்.

துணைவேந்தர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தவசிமுத்து.

"வயது?"

"அறுவத்தி மூணு இருக்கும் சார்."

"முப்பதுக்குள் அல்லவா இருக்க வேண்டும்?"

"கெயவன் வேலெதானே சார்?"

"வேலை கிழவர் வேலை. நியமனம் பல்கலைக்கழக நியமனம்," என்று துணைவேந்தர் பொறுமையாக விளக்கினார். "முப்பதுக்கு மேற்பட்டவரைப் புதிதாக நியமித்தால் அவருக்குச் சீக்கிரம் வயதாகிவிடும். ஐம்பத்தைந்தில் ஓய்வு கொடுத்தாக வேண்டும். முதுமையில் நீண்ட காலம் சேவை செய்ய இளைஞர்கள்தான் தேவை. முன் அனுபவம் ஏதாவது உண்டா?"

"எதுல சார்?"

"முதுமையில்."

"நாலஞ்சி வருசமா கால்மூட்டு வலி கீது. ராத்திரில கண்ணு சரியாத் தெரியல."

"சம்பளத்துக்குச் செய்தீர்களா?"

"வலியா? சும்மாத்தான் சார் வலிக்கிது."

"அது அனுபவம் ஆகாது," என்றார் துணைவேந்தர். தவசிமுத்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

வரதன் என்ற பட்டதாரி தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது இருபத்து நாலு. கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர், நல்ல ஆரோக்கியம். துணைவேந்தரின் மைத்துனர் மகனாக இருந்தது தற்செயல். அவருக்குப் பல்கலைக்கழகச் செலவில் பஞ்சுத் தாடி ஒன்றும் கைத்தடி ஒன்றும் வழங்கினார்கள்.

அத்தாவுல்லா கிடங்கின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் காத்தூன் பீவி முகத்தைப் பார்ப்பாள். சாயங்காலம் தவசிமுத்து வெளியே வந்தார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. மூன்று மாணவர்களாவது இல்லாவிட்டால் படிப்பு நடத்தக் கூடாது என்று விதி. இருப்பது இரண்டு.

"பெரியவரே, நீங்கள் மாணவராகச் சேர்ந்துவிடுங்களேன்! மாணவருக்கு வயது வரம்பே கிடையாது. முதியோர் கல்வி என்று சொல்லிக்கொள்ளலாம், துணைவேந்தர் மகிழ்ந்துபோவார்."

"எனுக்கு எழ்தப் படிக்கத் தெரியாது சார்."

"முதுமையியலுக்கு அதெல்லாம் வேண்டாம். விடுதியில் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு."

அத்தாவுல்லா அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு சேர்ந்தார்.

இப்படியாக அறுபத்து மூன்று வயதில் அவர் முன்பெஞ்சியில் உட்கார்ந்து, இருபத்து நாலு வயது வரதனைப் பார்த்து முதுமை படித்தார். வரதன் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து காட்டுவார். இருமிக் காட்டுவார். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது "அப்பாடா" என்பார். முதல் நாள் அவர் இருமியபோது அத்தாவுல்லா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வகுப்பில் செய்முறைக் கருவியைத் தொடக் கூடாது என்று எச்சரித்தார்கள். கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாட்களில் வரதன் வரமாட்டார். அன்றைக்கு "முதியவர் இல்லாமையால் வகுப்பு இல்லை" என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். அத்தாவுல்லா அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பாட்டு மணிக்காகக் காத்திருப்பார்.

சாப்பாடு மட்டும் நிஜம். சோறு, சாம்பார், ஒரு கரண்டி பொரியல். பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தூக்குச் சட்டியில் போட்டுத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ராயபுரத்துக்கு நடப்பார். காத்தூன் பீவி அதைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படிப்பு நல்லதுதான் என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றும். சில நாள் இருமல்கூடக் குறைந்தது.

அப்படியே போயிருக்கலாம். ஆனால் பாடத்திட்டத்தில் அடுத்த பாடம் பசி.

"வயது ஏற ஏறப் பசி பாதியாகக் குறைகிறது," என்று தவசிமுத்து மேல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நடத்தினார். நடத்திக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை அத்தாவுல்லாவின் மேல் நின்றது. மறுநாள் விடுதிக்கு வந்து அவர் சாப்பிடுவதைக் கவனித்தார். தட்டு நிறையச் சோறு இருந்தது.

"பெரியவரே, பாடத்தின்படி உங்களுக்கு இவ்வளவு பசிக்கக் கூடாதே."

"பசிக்கிது சார்."

"அது பசி அல்ல. வெறும் பழக்கம். புத்தகத்தில் அடிக்குறிப்பில் இருக்கிறது. அதிகம் சாப்பிட்டால் உங்கள் வயதில் இருதயத்துக்கு ஆபத்து. நான் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

அன்று முதல் விடுதியில் அவருக்கு அரைச் சாப்பாடு. அத்தாவுல்லா அந்தப் பாதியை அப்படியே தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வகுப்பில் தலை சுற்றிக் கீழே விழுந்தபோது, தவசிமுத்து மற்ற இருவரையும் கூப்பிட்டு, "முதியோர் விழுதல், பக்கம் நாற்பது" என்று காட்டினார். வரதன்தான் பஞ்சுத் தாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைத் தூக்கி உட்காரவைத்தார். கெட்ட பையன் இல்லை.

இந்தச் சமயத்தில் நிபுணர் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. படிப்புக்கு நிரந்தர அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று அந்தக் குழுதான் முடிவு செய்யும். அதோடு சர்க்கார் அந்தக் குழுவிடம் இன்னொரு விஷயத்திலும் அபிப்பிராயம் கேட்டிருந்தது: துறைமுகப் பக்கம் வேலை போன வயசாளிகளுக்குக் கஞ்சித்தொட்டி திறக்கலாமா, வேண்டாமா? இரண்டாவது விஷயம் துணைவேந்தருக்குத் தெரியும். அது தம் துறை இல்லை என்பதால் அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

தவசிமுத்து அத்தாவுல்லாவைத் தனியே அழைத்துப்போனார். அவருக்கும் வேலை தற்காலிகம்தான்.

"பெரியவரே, குழுவின் தலைவர் மாணவர்களை வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். உங்களைக் கட்டாயம் கேட்பார். வயதானவர் முதுமையியல் படிக்கிறார் என்றால் யாருக்கும் ஆசையாக இருக்கும். நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால் படிப்பு நிரந்தரம். உங்களுக்கு மூன்று வருஷம் முழுச் சாப்பாடு. நான் பொறுப்பு."

"வூட்டுக்கும் எத்துக்கினு போலாமா சார்?"

"உங்கள் மனைவிக்குத் தனிச் சாப்பாடே எழுதித் தருகிறேன்."

அத்தாவுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா சொல்லணும்னு சொல்லு சார். அட்சரம் பிசகாம சொல்றேன்."

பேராசிரியர் மேல்நாட்டுப் புத்தகத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொடுத்தார். முதியவர் காலையில் பால் அருந்துகிறார். ஒரு முட்டை சாப்பிடுகிறார். மாலையில் பழங்கள், முக்கியமாக ஆரஞ்சு. பிறகு பூங்காவில் உலாவுகிறார். அத்தாவுல்லா ராயபுரத்துக்கு நடக்கும்போதெல்லாம் இதைத் தொழுகையில் ஓதுவதுபோல வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். காத்தூன் பீவியிடம் பரீச்சை என்று மட்டும் சொன்னார், தனிச் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அனுமதி கிடைத்த பிறகு, சோற்றோடு போய்ச் சொல்லலாம் என்று இருந்தார்.

குழு வந்தது. தலைவர் பருத்த மனிதர், எழுபதுக்கு மேல் இருக்கும். அவருக்கு வயது வரம்பு கிடையாது. மாலை போட்டார்கள். துணைவேந்தர் மேல்நாட்டுக் கோட்டை அணிந்து வேர்த்துக்கொண்டிருந்தார். வரதன் தடியூன்றி நடந்து காட்டினார். தலைவர் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு முன்பெஞ்சியைப் பார்த்தார்.

"நீங்களும் மாணவரா? பேஷ். உங்கள் பகுதியில் ஒரு முதியவர், வேலையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்?"

அத்தாவுல்லா எழுந்து நின்றார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாளும் அன்றும் அவர் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. காத்தூன் பீவிக்கு மறுபடி இருமல் அதிகமாகியிருந்தது, அரைச் சோறு முழுதும் அவளுக்குப் போயிருந்தது.

"காலீல பால் குடிக்கறாரு சார்."

"ம்."

"முட்டெ துன்றாரு."

"எத்தனை?"

இது புத்தகத்தில் ஒன்று என்றுதான் இருந்தது. ஆனால் தலைவர் முகத்தில் இன்னும் திருப்தி தெரியவில்லை. ஒன்று சொல்லி அனுமதி போய்விட்டால்?

"ரெண்டு சார்."

"தினமுமா?"

"டெய்லி சார்."

தலைவர் முன்னால் சாய்ந்தார். தவசிமுத்து தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். "அவர் மனைவி?"

மனைவியைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அத்தாவுல்லாவின் வாயிலிருந்து அது தானாகவே வந்தது.

"அவுளுக்கும் ரெண்டு முட்டெ சார். பாலு சூடாத்தான் குடிப்பா, நெஞ்சு சளி கீது, சீனி போட்டுக் குடுக்கணும். மத்தியானம் கோழிச்சாறு. சாயங்காலம் ஆரஞ்சு. தோலு உரிச்சி, கொட்டெ எடுத்து, ஒவ்வொரு சொளயா வாய்ல குடுப்பாரு. வாணாம் வாணாம்பா சார். வுடமாட்டாரு. நல்லாத் துன்னு, துன்னாத்தான் ஒடம்பு தேறும்னு சொல்லுவாரு. அவளும் துன்னுவா சார். வயிறு ரொம்பத் துன்னுட்டுத் தூங்கிடுவா."

சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். வகுப்பு நெகிழ்ந்துபோயிற்று. தலைவரே கைதட்டினார். அந்த வருஷத்தில் முதுமையியலில் முதல் மதிப்பெண் அத்தாவுல்லாவுக்குத்தான்.

தேநீருக்குப் பிறகு தலைவர் பேசினார்.

"இங்கே வரும்போது எனக்கு அச்சமாக இருந்தது. வடசென்னை முதியவர்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள். இன்று நேரிலேயே கேட்டுவிட்டேன். தினம் இரண்டு முட்டை! என் வீட்டில் எனக்கே ஒன்றுதான் தருகிறார்கள். மனைவிக்குக் கோழிச்சாறு! இவ்வளவு செழிப்பான முதுமையை நான் மேல்நாட்டிலும் கண்டதில்லை. ஆகவே, நண்பர்களே, இந்தப் பகுதியில் முதுமை ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை இல்லாத இடத்தில் அதற்குப் படிப்பு எதற்கு? கஞ்சித்தொட்டியும் அவசியமில்லை என்று சர்க்காருக்கு எழுதிவிடுகிறேன். இங்கேயுள்ள முதியவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது அவர்களை அவமதிப்பதாகும்."

துணைவேந்தர் முதலில் திடுக்கிட்டார். பிறகு மற்றவர்கள் கைதட்டுவதைக் கண்டு தாமும் தட்டினார். மறு வருஷத்திலிருந்து குழந்தைப் பருவவியல் என்ற படிப்பு ஆரம்பிக்கலாம் என்று அங்கேயே ஒரு குழு அமைத்தாகிவிட்டது. முதுமையியல் அன்றோடு முடிந்தது, விடுதிச் சாப்பாடும் முடிந்தது. தவசிமுத்து தேக்கு மரத்துக்குத் திரும்பிப் போனார். வரதனுக்கு மட்டும் வேலை போகவில்லை. அவர் நிரந்தரமாகிவிட்டதால் பஞ்சுத் தாடியை வாங்கி வைத்துக்கொண்டு, செய்முறைக் குழந்தையாக மாற்றினார்கள்.

தலைவர் காரில் ஏறும்போது அத்தாவுல்லாவைக் கண்டு தோளில் தட்டினார். "அந்த ஆரஞ்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்," என்றார்.

அத்தாவுல்லா வெறும் தூக்குச் சட்டியோடு ராயபுரத்துக்கு நடந்தார். தம் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது. துறைமுக வாசலில் நிற்கிற அத்தனை பேருடைய கஞ்சியும் அதில்தான் போயிற்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வழியில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. காத்தூன் பீவி பாயில் படுத்திருந்தாள். அவர் வந்த சத்தம் கேட்டு, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"பரீச்சைன்னீங்களே, இன்னாங்க ஆச்சி?"

"பாசு. நாந்தான் மொதலு."

"சோறு?"

"படிப்பையே தூக்கிட்டாங்க பீவி."

அவள் சட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். "இன்னா கேட்டாங்க?" என்றாள் பிறகு.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பால், முட்டை, இரண்டு என்று கூட்டிச் சொன்னது, கஞ்சித்தொட்டி போனது எல்லாம். நடுவில் அவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"எனுக்குமா சொன்னீங்க?"

"உனுக்குந்தான். ஆரஞ்சு உரிச்சிக் குடுக்கறேன்னு சொன்னேன்."

"கொட்டெ எடுத்தா?"

"எடுத்துத்தான்."

காத்தூன் பீவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் அவளை உலுக்கியது. அவர் தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார். இருமல் நின்றதும் அவள் பாயில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க," என்றாள். "மொள்ளமாச் சொல்லுங்க. பால்லேர்ந்து."